நியூ ஹாம்ப்ஷயரில் ஆன்லைன் விளையாட்டுப் பந்தயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு செப்டம்பரிலும் அமெரிக்கக் கால்பந்து சீசன் தொடங்கியதும், நாஷுவா பக்கம் எந்தப் பிறந்தநாள் விருந்துக்குப் போனாலும் இதே கேள்விகள்தான் வருகின்றன. புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் கேட்கிறார்கள், பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டுக் கவலைப்படுகிற அப்பா அம்மா கேட்கிறார்கள், சில பேர் மெதுவாக ஓரமாக அழைத்துப் போய் "அண்ணா, ஒரு விஷயம்" என்று ஆரம்பிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் வக்கீல் இல்லை, வரிக் கணக்காளரும் இல்லை. பதினோரு வருஷமாக இந்த மாநிலத்தில் குடியிருக்கிறேன், மூன்று சீசன் பந்தயம் கட்டியிருக்கிறேன், கட்டிய ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இது நிஜமாகவே சட்டப்படி சரிதானா?

சரிதான். 1992-இல் வந்த ஒரு மத்திய சட்டம் நெவாடா தவிர அநேகமாக எல்லா இடத்திலும் விளையாட்டுப் பந்தயத்துக்குக் கதவைச் சாத்தியிருந்தது. நியூ ஜெர்சி வருஷக்கணக்காக வழக்காடி, 2018 மே 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று சொன்னது. அதற்கப்புறம் அந்தந்த மாநிலம் தன் விருப்பப்படி முடிவு செய்துகொள்ளலாம் என்றானது. நியூ ஹாம்ப்ஷயரில் 2019 ஜூலையில் ஆளுநர் கிறிஸ் சுனுனு கையெழுத்துப் போட்டார், டிசம்பர் 30 அன்று பந்தயம் கட்டும் ஆப் வேலை செய்யத் தொடங்கியது. முதல் பந்தயத்தைக் கட்டியவரும் ஆளுநர்தான்: உள்ளூர் பேட்ரியாட்ஸ் அணி அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வெல்லும் என்று. ஐந்தே நாளில் பேட்ரியாட்ஸ் சொந்த மைதானத்தில் டென்னசி அணியிடம் தோற்று வெளியேறியது. அணியின் நட்சத்திர வீரர் டாம் பிரேடி அந்தச் சட்டையில் ஆடிய கடைசி ஆட்டமும் அதுவே. உள்ளூர் அணி மேல் பாசத்தில் காசு கட்டுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

எத்தனை ஆப் இருக்கிறது? பக்கத்து மாநிலத்தில் நிறைய விளம்பரம் பார்க்கிறேனே?

இங்கே ஒன்றே ஒன்று, டிராஃப்ட்கிங்ஸ். ஐந்து நிறுவனங்கள் வரை அனுமதிக்கலாம் என்று சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் மாநில லாட்டரி ஆணையம் ஏலம் கேட்டபோது, தனியாக விட்டால் ஆன்லைன் வருமானத்தில் 51 சதவீதம் தருவதாக அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். வருமானம் என்றால் என்ன என்று இங்கே நிறுத்திப் புரிந்துகொள்ளுங்கள். எல்லோரும் கட்டிய பணத்திலிருந்து ஜெயித்தவர்களுக்குக் கொடுத்தது போக மிச்சம், அதாவது நாம் எல்லோரும் சேர்ந்து தோற்ற பணம். நூறு டாலர் தோற்றால் 51 டாலர் மாநிலத்துக்கு, அது பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது.

இந்த ஊரின் குணம் தெரிந்தால் இது ஆச்சரியமாக இருக்காது. நியூ ஹாம்ப்ஷயரில் விற்பனை வரி கிடையாது, சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. வீட்டு வரி மட்டும் கழுத்தை நெரிக்கும். அதனால் பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி இங்கே எப்போதும் உண்டு. இன்றைக்கு அமெரிக்கா முழுக்க இருக்கிற மாநில லாட்டரிகளுக்கெல்லாம் முன்னோடி 1964-இல் இங்கே தொடங்கியதுதான். சீட்டு 3 டாலர், இந்த மாநிலத்திலேயே இருக்கிற சேலம் ஊரில் (நம்மூர்ச் சேலம் இல்லை) ராக்கிங்ஹாம் பார்க் மைதானத்தில் நடந்த குதிரைப் பந்தயத்தோடு குலுக்கலைச் சேர்த்து நடத்தினார்கள்.

மாசசூசெட்ஸில் கதை வேறு. அங்கே ஆன்லைன் வரி 20 சதவீதம், ஆப்கள் பல. அதனால் அங்கே இருப்பவர் ஒரே ஆட்டத்துக்கு நாலு இடத்தில் விலை (ஜெயித்தால் எவ்வளவு தருவார்கள் என்பது) பார்த்து நல்ல விலைக்குக் கட்டலாம். நமக்கு அந்த வசதி இல்லை. ஒரே கடை உள்ள ஊரில் பேரம் பேச முடியாது, அவ்வளவுதான்.

என் பையனுக்கு 19 வயது. அவன் கட்டலாமா?

நியூ ஹாம்ப்ஷயரில் 18 வயது ஆனாலே கட்டலாம். சுற்றியிருக்கும் மாசசூசெட்ஸ், வெர்மான்ட், மெய்ன் மூன்றிலும் 21. எனக்கு இந்த 18 பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சொல்கிறேன். முதல் வருஷம் ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளை, கையில் போன், பகுதிநேர வேலைக் காசு, அறையில் எல்லோரும் ஆட்டம் பார்க்கிறார்கள். "அதெல்லாம் என் பையன் செய்ய மாட்டான்" என்று விட்டுவிடாமல் வாய்விட்டுக் கேளுங்கள். திட்டுகிற தொனியில் கேட்டால் உண்மை வராது. எவ்வளவு கட்டினாய் என்பதைவிட எவ்வளவு டெபாசிட் செய்தாய், எவ்வளவு வெளியே எடுத்தாய் என்று கேட்டால் நிலைமை தெரிந்துவிடும்.

இன்னொன்று: நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகம், டார்ட்மத் மாதிரி இந்த மாநிலக் கல்லூரி அணிகள் ஆடும் ஆட்டங்கள் மேல் இங்கே பந்தயம் கட்ட முடியாது. இந்த மாநிலத்துக்குள் நடக்கிற கல்லூரி ஆட்டங்களுக்கும் அதே தடை. தெரிந்த பையன்கள் ஆடுகிற ஆட்டத்தில் காசு புழங்க வேண்டாம் என்றுதான்.

நான் மாசசூசெட்ஸில் குடியிருக்கிறேன், நாஷுவாவில் வேலை. எந்த மாநிலச் சட்டம் எனக்கு?

நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது கணக்கே இல்லை. பந்தயத்தை அழுத்துகிற நொடியில் உங்கள் போன் எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு.

ஃபெசன்ட் லேன் மாலுக்குப் போய்ப் பாருங்கள், நாஷுவாவின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. கட்டடம் முழுக்க நியூ ஹாம்ப்ஷயரில், கார் நிறுத்தும் இடத்தின் ஒரு பெரிய பகுதி மாசசூசெட்ஸின் டிங்ஸ்பரோவில். எல்லைக்கோட்டை மிதித்தால் அந்தப் பக்கத்து விற்பனை வரி வந்துவிடும் என்று கட்டடத்தின் ஒரு மூலையையே சாய்வாக வெட்டிக் கட்டியிருக்கிறார்கள். இப்போது யோசியுங்கள். 19 வயதுப் பையன் உள்ளே உணவுக்கூடத்தில் உட்கார்ந்து பந்தயம் கட்டினால் சட்டப்படி சரி. அதே பையன் வெளியே வந்து காரில் ஏறி உட்கார்ந்தால், கார் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றால், முடியாது. பாஸ்டன் காலேஜ் அணியின் வழக்கமான சீசன் ஆட்டத்தை உள்ளே இருந்து கட்டலாம். வெளியே அதே ஆப் மாசசூசெட்ஸ் விதிக்கு மாறிவிடும். அங்கே அது உள்ளூர்க் கல்லூரி என்பதால், போட்டித் தொடர்களில் ஆடும்போது தவிர மற்ற நேரத்தில் அனுமதி இல்லை.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் 1961-இல் வந்த மத்திய கம்பிச் சட்டம் (வயர் ஆக்ட்). புக்கிகள் தொலைபேசி வழியாக மாநிலம் விட்டு மாநிலம் பந்தயம் வாங்குவதைத் தடுக்கக் கொண்டுவந்தது. விளையாட்டுப் பந்தயம் மாநில எல்லையைத் தாண்டக் கூடாது என்பது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. இதில் நம் மாநிலத்துக்கே ஒரு பங்கு உண்டு. அந்தச் சட்டம் விளையாட்டுக்கு மட்டுமல்ல, எல்லாச் சூதாட்டத்துக்கும் பொருந்தும் என்று மத்திய நீதித்துறை புது விளக்கம் கொடுத்து, அது 2019 ஜனவரியில் வெளியே வந்தது. அப்படியானால் ஆன்லைன் லாட்டரியே போச்சு என்று நியூ ஹாம்ப்ஷயர் லாட்டரி ஆணையம் வழக்குப் போட்டு ஜெயித்தது. 2021 ஜனவரி 20 அன்று பாஸ்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கம்பிச் சட்டம் விளையாட்டுப் பந்தயத்துக்கு மட்டும்தான் என்று உறுதி செய்தது. லாட்டரி தப்பித்தது, விளையாட்டுக்கு எல்லை அப்படியே நின்றது.

மாசசூசெட்ஸில் ஆன்லைன் பந்தயம் 2023 மார்ச் 10 அன்றுதான் வந்தது. அதற்கு முன்னால் மூன்று வருஷம் பாஸ்டன் பக்கத்து ஆட்கள் எல்லை தாண்டி சேலத்துக்கோ சீப்ரூக்குக்கோ வந்து, காரை ஓரம் கட்டி, உட்கார்ந்த இடத்திலேயே பந்தயம் கட்டிவிட்டுத் திரும்பிப் போவார்கள். இப்போது அந்தக் கூட்டம் இல்லை.

இருக்கிற இடத்தை மறைக்கும் விபிஎன் போட்டு ஏமாற்றலாமா என்று கேட்காதீர்கள். வைஃபை, ஜிபிஎஸ், போனில் ஓடுகிற மற்ற ஆப்கள் எல்லாவற்றையும் பார்த்துத்தான் இடத்தை உறுதி செய்கிறார்கள். பிடிபட்டால் கணக்கை முடக்குவார்கள், ஜெயித்த பணமும் சிக்கிக்கொள்ளும்.

விடுமுறையில் சென்னை போகும்போது அதே கணக்கிலிருந்து கட்டலாமா?

முடியாது. இடம் காட்டிக் கொடுத்துவிடும். அதோடு தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்துக்கு 2022-இலேயே தனித் தடைச் சட்டம் நிறைவேறியது. 2025 ஆகஸ்டில் இந்தியா முழுவதற்கும் காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து மத்தியச் சட்டமும் வந்துவிட்டது.

விசாவில் இருக்கிறேன். கிரீன் கார்டுக்கோ குடியுரிமைக்கோ இடைஞ்சல் வருமா?

குடியுரிமைக்கு நன்னடத்தை பார்ப்பார்கள். சூதாட்டத்தைப் பற்றிச் சட்டம் சொல்வது இரண்டு: வருமானம் முக்கியமாகச் சட்டவிரோதச் சூதாட்டத்திலிருந்து வந்தால் சிக்கல், சூதாட்டக் குற்றங்களுக்காக இரண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றிருந்தால் சிக்கல். அனுமதி பெற்ற ஆப்பில் சட்டப்படி கட்டுவது இந்த இரண்டிலும் சேராது. ஆனால் ஜெயித்ததை வரிக் கணக்கில் காட்டாமல் விடுவது தனித் தலைவலி, அதற்குக் கீழே வருகிறேன்.

-110, +150 என்று போட்டிருக்கிறதே, அதை எப்படிப் படிப்பது?

கழித்தல் குறி இருந்தால், 100 டாலர் ஜெயிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று அர்த்தம். -110 என்றால் 110 கட்டினால் 100 லாபம். கூட்டல் குறி இருந்தால் 100 கட்டினால் எவ்வளவு லாபம் என்று அர்த்தம். +150 என்றால் 100 கட்டி ஜெயித்தால் கட்டிய 100-உம் திரும்ப வரும், மேலே 150 வரும்.

இதில் கடைக்காரர் லாபம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க நாணயம் சுண்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். தலையா பூவா, இரண்டுக்கும் சம வாய்ப்பு. நியாயமான விலை 100-க்கு 100. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் -110 விலை போடுகிறார்கள். நானும் நீங்களும் ஆளுக்கொரு பக்கம் 110 கட்டினால் கடையில் மொத்தம் 220 சேர்கிறது. ஜெயித்தவருக்கு 210 கொடுத்துவிட்டு 10 டாலரைக் கடை வைத்துக்கொள்கிறது. இதை இங்கே "விக்" என்பார்கள். சதவீதத்தில் சொன்னால் கட்டுகிற ஒவ்வொரு 100 டாலருக்கும் சராசரியாக நாலரை டாலர் போகிறது. நஷ்டம் வராமல் சமமாக நிற்கவே 100-க்கு 52.4 தடவை சரியாகச் சொல்ல வேண்டும். கேட்க ரொம்பச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். வாரத்துக்கு 20 பந்தயம் என்று ஒரு சீசன் முழுக்கக் கட்டிப் பார்த்தால்தான் அந்த 2.4-இன் கனம் தெரியும்.

பார்லே என்கிறார்கள். பத்து டாலருக்கு நூற்றுக்கணக்கில் தருகிறதே, நல்லதுதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பார்லே என்றால் பல பந்தயங்களை ஒரே சீட்டில் கோப்பது. எல்லாம் சரியாக வந்தால்தான் காசு, ஒன்று தவறினாலும் மொத்தமும் போச்சு. ஒவ்வொன்றும் சரிபாதி வாய்ப்புள்ள நாலு பந்தயங்களைக் கோத்தால், நாலும் அடிக்க வாய்ப்பு 16-இல் ஒன்று. நியாயமாக 10 டாலருக்கு 160 தர வேண்டும். -110 விலையில் நாலைப் பெருக்கினால் வருவது சுமார் 133. தனித்தனியாகக் கட்டினால் நாலரை சதவீதமாக இருந்த கடைக்காரர் பங்கு இங்கே 17 சதவீதமாகிவிட்டது. கோக்கக் கோக்க ஏறிக்கொண்டே போகும். ஒரே ஆட்டத்துக்குள்ளேயே கோக்கும் வகைக்கு விலையை ஆப்பே தன் கணக்கில் போடுகிறது. அதில் எவ்வளவு உருவுகிறார்கள் என்று நாம் வெளியே இருந்து சரிபார்க்கக்கூட முடியாது. ஆப்பைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது ஏன் பார்லேதான் என்பது இப்போது புரியும்.

என் நோட்டிலிருந்து சொல்கிறேன். முதல் சீசனில் மூன்று பந்தயம் கோத்த பார்லே 22 கட்டியிருக்கிறேன், தலா 10 டாலர், மொத்தம் 220. இரண்டு அடித்தது, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 69.50 வந்தது. 139 கைக்கு வந்தது, 81 போனது. ஆனால் அந்த வருஷம் யாராவது என்னைக் கேட்டிருந்தால் "பார்லேயில் நல்லா போச்சு" என்றுதான் சொல்லியிருப்பேன், பொய் சொல்ல நினைத்து இல்லை, நிஜமாகவே அப்படித்தான் ஞாபகம் இருந்தது. அடித்த இரண்டும் மனசில் நின்றன, தோற்ற இருபது மறந்துபோயின.

தோற்றதில் ஒன்று மட்டும் மறக்கவில்லை. திங்கட்கிழமை ராத்திரி ஆட்டம், சீட்டில் முதல் இரண்டும் சரியாக வந்தாயிற்று, மூன்றாவதுக்கு ஒரு வீரர் 50 கெஜம் தாண்ட வேண்டும். 47-இல் நின்றுவிட்டார். அடுப்பில் தோசையைப் போட்டுவிட்டு போனையே பார்த்துக்கொண்டு நின்றேன், கருகின வாசனை வந்து என் மனைவி சமையலறைக்குள் ஓடி வந்தபோதுதான் நினைவு திரும்பியது. அன்றைக்கு எனக்கு வந்த எண்ணம் "மூணு கெஜம்தானே, அடுத்த வாரம் அடிச்சிடும்" என்பது. அந்த மூன்று கெஜத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது புரிந்த பிறகு பார்லேயை விட்டுவிட்டேன்.

"போனஸ் பெட் இலவசம்" என்று வருகிறதே, எடுத்துக்கொள்ளலாமா?

எடுக்கலாம், ஆனால் அது பணம் இல்லை. 50 டாலர் போனஸைச் சம விலையில் கட்டி ஜெயித்தால் லாபமான 50 மட்டும்தான் கைக்கு வரும், கட்டிய 50 திரும்பாது. பெரும்பாலும் ஒரு வாரத்தில் காலாவதியாகிவிடும். அந்த அவசரத்தில் தெரியாத ஆட்டத்தில் கட்ட வைப்பதுதான் அதன் வேலை. போனஸுக்காகத் திட்டமிடாத டெபாசிட்டைப் போடாதீர்கள்.

ஐபிஎல் மேல் கட்டலாமா?

கட்டலாம், கிரிக்கெட்டும் பட்டியலில் இருக்கிறது. நம் ஆட்கள் நிறையப் பேர் இந்த வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். "நமக்குத்தான் கிரிக்கெட் தெரியுமே, வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும்" என்று. அந்த விலையை எதிர் மேசையில் உட்கார்ந்து யாரோ யோசித்துப் போடுவதில்லை. உலகம் முழுக்கக் கிரிக்கெட்டில் புழங்குகிற காசைப் பார்த்துத்தான் விலை வருகிறது. சேப்பாக்கத்து ஆடுகளம் சுழலுக்கு உதவும் என்று உங்களுக்குத் தெரிந்தால் அந்த விலைக்கும் தெரியும். ஓவருக்கு ஓவர், பந்துக்குப் பந்து மாறுகிற நேரலைப் பந்தயத்தில் இன்னும் ஜாக்கிரதை. உங்கள் டிவியில் வருகிற படம் மைதானத்தைவிடப் பல நொடிகள் பின்னால் ஓடுகிறது.

ஆட்டங்களையே பேசிவைத்து ஆடுகிறார்களா?

நடந்திருக்கிறது. டொரான்டோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியில் இருந்த ஜான்டே போர்ட்டரை 2024 ஏப்ரலில் என்பிஏ ஆயுள் முழுக்கத் தடை செய்தது. அவர் குறைவாகத்தான் ஆடுவார் என்று சிலர் பந்தயம் கட்டியிருந்தார்கள், அவரோ உடம்பு சரியில்லை என்று ஆட்டத்தின் நடுவில் வெளியேறினார். ஒரு அணி மொத்தமும் தோற்கப் பேசிவைப்பது கஷ்டம். ஒரு வீரர் இத்தனை புள்ளிக்குக் கீழே எடுப்பார் என்ற மாதிரிப் பந்தயத்துக்கு ஒரே ஒரு ஆள் போதும். சட்டப்படி நடக்கிற கடைகளில் இது பதிவாகி, விசித்திரமாகக் காசு குவிந்தால் எச்சரிக்கை போகிறது. போர்ட்டர் விஷயம் வெளியே வந்ததும் அப்படித்தான். அனுமதி இல்லாத வெளிநாட்டு இணையதளங்களில் இந்தக் கண்காணிப்பு கிடையாது, ஜெயித்த பணம் வராவிட்டால் முறையிட இங்கே யாரும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் சட்டப்பூர்வ ஆப்புக்கு நான் முழு ஆதரவு.

வரி எப்படி? மாநிலத்தில்தான் வருமான வரி இல்லையே?

மாநிலத்துக்கு ஒன்றும் கட்ட வேண்டாம், நீங்கள் நியூ ஹாம்ப்ஷயரில் குடியிருந்தால். மாசசூசெட்ஸில் குடியிருந்து இங்கே வந்து ஜெயித்தால் உங்கள் மாநிலத்துக்குக் காட்டியாக வேண்டும். மத்திய அரசுக்கு எல்லோரும் காட்ட வேண்டும்.

இதில் நிறையப் பேர் தப்பாக நினைப்பது: சூதாட்ட வெற்றியைக் காட்டும் டபிள்யூ-2ஜி என்ற வரிப் படிவம் வந்தால்தான் வரி என்று. விளையாட்டுப் பந்தயத்தில் கட்டியதற்குக் குறைந்தது 300 மடங்கு அடித்தால்தான் அந்தப் படிவமே வரும், சாதாரணமாக வராது. படிவம் வராவிட்டாலும் ஜெயித்தது வருமானம்தான்.

அடுத்த சிக்கல் இன்னும் பெரியது. வருஷத்தில் 8,000 டாலர் ஜெயித்து 8,000 டாலர் தோற்றிருந்தால் கையில் நயா பைசா இல்லை, வரியும் இல்லை என்று நினைப்போம். அப்படி இல்லை. ஜெயித்த 8,000 முழுதும் வருமானத்தில் ஏறும். தோற்றதைக் கழிக்க வேண்டுமானால் செலவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுக் காட்டும் முறையில் தாக்கல் செய்ய வேண்டும். நம்மில் பெரும்பாலானோர் பட்டியல் இல்லாமல் ஒரே தொகையாகக் கழிக்கும் நிலையான கழிவைத்தான் எடுக்கிறோம் (2025-க்குத் தனி ஆளுக்கு 15,750). அதை எடுத்தால் தோற்றதைக் கழிக்க முடியாது. 2026-இலிருந்து இன்னும் கடுமை: தோற்றதில் 90 சதவீதம்தான் கழிக்கலாம். 10,000 ஜெயித்து 10,000 தோற்றவர், எல்லாம் முறையாகக் காட்டினாலும், கைக்கு வராத 1,000 டாலருக்கு வரி கட்டுவார்.

எஃப்-1 மாணவர்கள் தனியாகக் கவனிக்கவும். முதல் ஐந்து காலண்டர் வருஷம் வரிக் கணக்கில் நீங்கள் பெரும்பாலும் அயலவர், தாக்கல் செய்வது அயலவருக்கான 1040-என்ஆர் படிவம். அயலவருக்குச் சூதாட்ட வெற்றிக்கு 30 சதவீதம் வரி, தோற்றதைக் கழிக்கவே முடியாது. சில நாடுகளுக்கு ஒப்பந்தத்தில் விலக்கு உண்டு, இந்தியாவுக்கு இல்லை. அதாவது 1,000 ஜெயித்து 1,000 தோற்ற மாணவருக்கு 300 டாலர் கையை விட்டுப் போகும். இதைத் தெரிந்துகொண்டபின் ஒரு மாணவரும் கட்டுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. எச்-1பி வேலை விசாவில் வருஷம் முழுக்க இங்கே இருப்பவர்கள் பொதுவாக மற்றவர்கள் மாதிரித்தான். சந்தேகம் இருந்தால் நல்ல கணக்காளரிடம் கேளுங்கள், ஆப்பிலிருந்து வருஷக் கணக்கை இறக்கி எடுத்துக்கொண்டு போங்கள்.

தொடர்ந்து ஜெயித்தால்?

வரம்பு வைப்பார்கள். நன்றாக விலை பார்த்துக் கட்டுகிறவர் என்று தெரிந்தால் இவ்வளவுக்கு மேல் கட்ட முடியாது என்று அளவைக் குறைத்துவிடுவார்கள். இங்கே இருக்கிற பெரும்பாலான பந்தய நிறுவனங்களின் பழக்கம் இது. மாசசூசெட்ஸ் சூதாட்ட ஆணையம் 2024-இல் இதை விசாரிக்கத் தனிக் கூட்டமே நடத்தியது. தோற்கிறவருக்கு இதே வேகத்தில் வரம்பு வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

எந்தக் கணக்கிலிருந்து பணம் போடுவது நல்லது?

வங்கிக் கணக்கிலிருந்து, அதுவும் சம்பளம் வராத தனிக் கணக்காக இருந்தால் நல்லது. கிரெடிட் கார்டை டிராஃப்ட்கிங்ஸ் 2025 ஆகஸ்டிலிருந்தே வாங்குவதில்லை, வேறு எங்கேயும் அது வேண்டவே வேண்டாம். அட்டை நிறுவனங்கள் சூதாட்டச் செலவைப் பொதுவாக ரொக்கக் கடன் மாதிரி எடுத்துக்கொள்ளும், கட்டணமும் உண்டு, முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். அப்புறம் டெபாசிட் வரம்பு. ஆப்பிலேயே வாரத்துக்கு இவ்வளவுதான் என்று பூட்டிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஓடும்போது வரம்பு வைக்க மனசு வராது. செவ்வாய்க்கிழமை காலையில் காபி குடித்துக்கொண்டே வையுங்கள். நான் 20 வைத்திருக்கிறேன்.

கல்ஷி மாதிரி "கணிப்புச் சந்தை" ஆப்கள்?

ஒரு விஷயம் நடக்குமா நடக்காதா என்று காசு வைத்து வாங்கி விற்கும் ஆப்கள் இவை. அவர்கள் தங்களை மத்திய அரசின் சரக்கு வாயிதா ஆணையத்தின் கீழ் வரும் சந்தை என்கிறார்கள், பல மாநிலங்கள் இது வேறு பெயரில் நடக்கும் பந்தயம் என்கின்றன, வழக்குகள் ஓடுகின்றன. உங்கள் பர்ஸைப் பொறுத்தவரை வித்தியாசம் ரொம்ப இல்லை. ஆனால் மாநில லாட்டரி ஆணையத்தின் மேற்பார்வை அங்கே இல்லை.

என் கணவரால் / தம்பியால் நிறுத்த முடியவில்லை. என்ன செய்வது?

என்னோடு முன்பு வேலை பார்த்த ஒரு தம்பியைப் பற்றிச் சொல்கிறேன், அவன் அனுமதியோடு, பெயர் இல்லாமல். கால்பந்தில்தான் ஆரம்பித்தான். ஒரு நாள் காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கேட்டால் ராத்திரி மூன்று மணிக்கு ஐரோப்பாவில் எங்கேயோ நடந்த டேபிள் டென்னிஸ் ஆட்டத்தில் கட்டியிருக்கிறான். ஆடுகிற இரண்டு பேரின் பெயரைக்கூட அவனால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அந்த நேரத்தில் வேறு ஆட்டம் இல்லை, அவ்வளவுதான் காரணம். "விட்டதைப் பிடிச்சிட்டு நிறுத்திடுறேன் அண்ணா" என்றான். இந்த வாக்கியத்தை யார் வாயிலிருந்து கேட்டாலும் உடனே உட்காருங்கள், நாளைக்குப் பேசலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

நான் அப்போது ஒரு தப்புச் செய்தேன். வீட்டு வாடகைக்கு என்று கேட்டதும் 900 டாலர் கொடுத்தேன். அது வாடகைக்குப் போகவில்லை. கடன் கொடுத்தால் உதவி மாதிரி இருக்கும், ஆட்டத்தை இன்னும் ஒரு வாரம் நீட்டிக்கத்தான் அது பயன்படும். வாடகை பாக்கி என்றால் வீட்டுக்காரருக்கு நேராகக் கட்டுங்கள், கையில் கொடுக்காதீர்கள்.

பிறகு செய்தது இது. ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அவன் கையாலேயே சுயவிலக்கு, அதாவது தன்னைப் பந்தயம் கட்ட விடாதீர்கள் என்று தானே எழுதிக் கொடுப்பது, போட வைத்தோம். அதற்கு ஆப்பிலேயே வழி இருக்கிறது, மாநில லாட்டரி ஆணையம் வழியாகவும் செய்யலாம். போட்டுவிட்டால் அந்தக் காலம் முடியும் வரை நாமே கெஞ்சினாலும் கணக்கு திறக்காது. எல்லை தாண்டினால் மாசசூசெட்ஸில் வேறு ஆப்கள் காத்திருக்கின்றன, அதனால் அந்த மாநிலத்துச் சுயவிலக்குப் பட்டியலிலும் சேரச் சொன்னோம். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். சம்பளம் போகிற கணக்கை அவன் அண்ணன் பார்த்துக்கொள்ளும்படி மாற்றினோம்.

1-800-426-2537 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம், காசு வாங்க மாட்டார்கள், பந்தயம் கட்டுகிறவர்தான் பேச வேண்டும் என்றில்லை, மனைவியோ அம்மாவோ கூப்பிடலாம். சூதாட்டத்தை விட முயல்கிறவர்கள் ஒன்றுசேரும் கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் உண்டு, குடும்பத்தாருக்கென்று கேம்-அனான் தனியாக உண்டு. முதல் தடவை அவன் தனியாகப் போகப் பயந்தான். நானும் கூடப் போய் வெளியே காரில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இப்போது அவனே போய் வருகிறான், வியாழக்கிழமை தவறாமல்.